மௌனக் காலத்துக் குற்றப் படங்கள்: அரிய பிரதிகளைத் தேடிச் சேகரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நியூயார்க்கின் பவரி பகுதித் தெருக்களில் ரவுல் வால்ஷ் 1915-இல் எடுத்த ‘ரீஜெனரேஷன்’, நெடுங்காலம் தொலைந்த படங்களின் கணக்கில் இருந்தது. 1976-இல் திரைப்படப் பாதுகாவலர் டேவிட் ஷெப்பர்ட் மொன்டானா மாநிலத்தில் ஒரு பிரதியைக் கண்டெடுத்தார். முதல் ஆஸ்கர் விழாவில் சிறந்த படத்துக்குப் போட்டியிட்ட ‘த ராக்கெட்’ (1928), தயாரிப்பாளர் ஹோவர்ட் ஹியூஸின் சொந்தச் சேகரிப்பில் கிடந்து மீண்டது. வில்லியம் ஜில்லெட் நடித்த 1916-ஆம் ஆண்டு ‘ஷெர்லாக் ஹோம்ஸ்’ பாரிஸில் சினிமாதெக் பிரான்சேஸ் என்ற திரைப்படக் காப்பகத்தின் கிடங்கில் 2014-இல் அகப்பட்டது. இன்னும் எங்கோ ஒரு டப்பா திறக்கப்படாமல் இருக்கிறது என்ற நம்பிக்கைதான் இந்தச் சேகரிப்பை ஓட்டுகிறது. அந்த நம்பிக்கைக்கு அடிப்படையும் உண்டு.

அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1912 முதல் 1929 வரை அமெரிக்காவில் வெளியான 10,919 முழுநீள மௌனப் படங்களில் 1,575 மட்டுமே மூல 35 மி.மீ. (சுருளின் அகலம்) வடிவில் முழுமையாக எஞ்சியுள்ளன. அதாவது 14 சதவீதம். இன்னொரு 11 சதவீதம் முழுமையாக இருந்தாலும், வெளிநாட்டுப் பதிப்பாகவோ 28 அல்லது 16 மி.மீ. போன்ற சிறிய அளவுகளிலோதான் இருக்கிறது. தனிநபர் சேகரிப்பாளர்கள் பெரிய பங்காற்றியது இந்த இரண்டாவது எண்ணில்தான்.

குற்றப் படங்களுக்கு மட்டும் ஏன் இத்தனை தேடல்? முதல் காரணம் கத்தரி. சிகாகோவில் 1907 முதலே போலீஸ் தலைவர் அனுமதித்தால்தான் படம் ஓடியது. 1915-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், திரைப்படத்துக்குப் பேச்சுரிமைப் பாதுகாப்பு கிடையாது என்றே தீர்ப்பளித்தது. 1952 வரை அந்த நிலை நீடித்தது. பூட்டு உடைப்பதும் துப்பாக்கி நீட்டுவதும் காட்டும் படங்கள்தான் முதலில் வெட்டுப்பட்டன, அதுவும் ஊருக்கு ஒரு விதமாக. பிரான்சில் லூயி ஃபெயாடின் ‘லே வாம்பயர்’ தொடரையே பாரிஸ் போலீஸ் சில காலம் நிறுத்திவைத்தது. இரண்டாவது காரணம் கேமரா. அன்றைய ஹாலிவுட் படங்கள் பலவற்றில் இரண்டு கேமராக்கள் அருகருகே ஓடின. ஒன்றின் நெகட்டிவ் உள்நாட்டுக்கு, மற்றது வெளிநாட்டுக்கு. கோணம் சற்று மாறும். சில இடங்களில் வேறு டேக்கே இருக்கும்.

ஆகவே இந்தத் துறையில் படத்தின் பெயர் பாதித் தகவல்தான். எந்த நாட்டுக்கு வெட்டிய பிரதி, எத்தனையாவது தலைமுறை (மூலத்திலிருந்து எத்தனையாவது நகல்), எத்தனை அடி நீளம் என்பது மீதிப் பாதி. கீழே உள்ள ஒவ்வொரு படியும் அந்த மீதிப் பாதியைக் கண்டறிவதற்கானது.

படி 1: முதலில் பார்த்துக் கண்ணைப் பழக்குங்கள்

படச்சுருள் வாங்கும் முன் நல்ல டிஸ்க்குகளில் குறைந்தது இருபது படங்களாவது பாருங்கள். கிரிஃபித்தின் ‘த மஸ்கிடியர்ஸ் ஆஃப் பிக் ஆலி’ (1912) ஒரே ரீல்; தெருக்கும்பல் படங்களின் ஆரம்பம் அது. ஃபெயாடின் ‘ஃபான்டோமா’ (1913–14) ஐந்து பாகம், ‘லே வாம்பயர்’ (1915–16) பத்துப் பாகம். லான் சேனியின் ‘த பெனால்டி’ (1920), ஃபிரிட்ஸ் லாங்கின் இரண்டு பாக ‘டாக்டர் மபூஸ’ (1922), ஸ்டெர்ன்பெர்கின் ‘அண்டர்வேர்ல்ட்’ (1927), ஜோ மேயின் ‘அஸ்ஃபால்ட்’ (1929) ஆகியவற்றைத் தவறவிடாதீர்கள். ‘அண்டர்வேர்ல்ட்’ கதைக்காகத்தான் பென் ஹெக்ட் முதல் ஆஸ்கர் கதை விருதைப் பெற்றார். ஜப்பானில் மௌனப் படம் 1930-களின் நடுவரை நீடித்தது. இயக்குநர் ஓசுவின் மூன்று மௌனக் குற்றப் படங்கள், கிரைட்டீரியன் என்ற டிஸ்க் நிறுவனத்தின் எக்லிப்ஸ் வரிசையில் ஒரே பெட்டியாக 2015-இல் வந்தன. அதிகம் பேசப்படாத அந்தப் பெட்டியை நாங்கள் எல்லோருக்கும் பரிந்துரைக்கிறோம்.

டிஸ்க் வாங்கும்போது மண்டலத்தைக் கவனியுங்கள். அமெரிக்க ப்ளூ-ரே பலவும் ஏ மண்டலம், பிரிட்டன் வெளியீடுகள் பலவும் பி மண்டலம், இந்தியா சி மண்டலம். எல்லா மண்டலமும் ஓடும் பிளேயர் இல்லாமல் இந்தச் சேகரிப்பு நகராது. பின்னட்டையில் இரண்டு விவரம் தேடுங்கள்: எந்தக் காப்பகத்தின் பிரதியிலிருந்து எடுத்தது, என்ன வேகத்தில் மாற்றியது. இரண்டும் இல்லையென்றால் பெரும்பாலும் பழைய 16 மி.மீ. பிரதியிலிருந்து எடுத்த நகலின் நகலாகத்தான் இருக்கும்.

படி 2: நீளத்தைக் கணக்குப் போடுங்கள்

விற்பவர் ‘முழுப் படம்’ என்பார். அதைச் சரிபார்க்கப் பெருக்கல் கணக்கு போதும்.

35 மி.மீ. படத்தில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம், 16 மி.மீ.-இல் ஓர் அடிக்கு 40 ஃபிரேம். ஆகவே 35 மி.மீ. நீளத்தை 0.4-ஆல் பெருக்கினால் 16 மி.மீ. நீளம் வரும். அமெரிக்கப் படமென்றால் மூல நீளம் அல்லது ரீல் எண்ணிக்கையை ஏ.எஃப்.ஐ. கேட்டலாகிலும் (அமெரிக்கத் திரைப்பட நிறுவனத்தின் படப் பட்டியல்), அக்கால வணிக இதழ்களை ஸ்கேன் செய்து இலவசமாக வைத்திருக்கும் மீடியா ஹிஸ்டரி டிஜிட்டல் லைப்ரரியிலும் பார்க்கலாம். வெளியானபோது 7,000 அடி இருந்த படம் 16 மி.மீ.-இல் 2,800 அடி, அதாவது 400 அடி ரீல்கள் ஏழு இருக்க வேண்டும். விற்பவரிடம் ஐந்துதான் இருக்கிறதென்றால் ஏழில் இரண்டு பங்கு இல்லை.

இல்லாமல் போனதற்கும் காரணம் இருக்கும். கோடக் நிறுவனம் 1920-களின் நடுவில் தொடங்கி 1939 வரை நடத்திய கோடாஸ்கோப் வாடகை நூலகம், வீட்டில் போட்டுப் பார்ப்பதற்காகப் பல முழுநீளப் படங்களைச் சுருக்கியது. ‘த லாஸ்ட் வேர்ல்ட்’ (1925) பத்து ரீலிலிருந்து ஐந்தாகக் குறைக்கப்பட்டது. பின்னர் நெடுங்காலம் அந்தச் சுருக்கம்தான் உலகுக்குக் கிடைத்தது. சுருக்கப் பதிப்பு என்பதால் கோடாஸ்கோப் பிரதியை ஒதுக்கிவிடாதீர்கள். பெரும்பாலும் நல்ல மூலத்திலிருந்து நேரடியாகக் குறைத்து அச்சிட்டவை அவை. தெளிவில், பின்னாளில் வந்த ‘முழு’ நகல்களை எளிதாக மிஞ்சும். முழு நீள மங்கல் பிரதியும் கூர்மையான சுருக்கப் பிரதியும் ஒரே விலையில் கிடைத்தால் சுருக்கத்தையே எடுங்கள். முழு நீளப் பிரதி வேறெங்கும் இல்லாத படமாக இருந்தால் மட்டும் மங்கலை வாங்குங்கள்.

படி 3: வாங்கும் முன் விற்பவரிடம் கேட்க வேண்டியவை

எந்த அளவு என்பதை முதலில் கேளுங்கள். 16 மி.மீ. (1923 முதல்), பாத்தேயின் 9.5 மி.மீ. (1922 முதல்), 8 மி.மீ. (1932 முதல்), சூப்பர் 8 (1965 முதல்) ஆகியவை வீட்டுக்கென வந்தவை. கோடக் 16 மி.மீ. சுருளை ஆரம்பத்திலிருந்தே எளிதில் தீப்பற்றாத அசிட்டேட் அடித்தளத்தில்தான் தயாரித்தது. 35 மி.மீ. விஷயம் வேறு. எளிதில் தீப்பிடிக்கும் நைட்ரேட் அடித்தளத்தைக் கோடக் 1950-களின் தொடக்கத்தில்தான் முற்றாக நிறுத்தியது. அதற்கு முந்தைய 35 மி.மீ. எதுவானாலும், இல்லையென்று உறுதியாகும்வரை நைட்ரேட் என்றே கொள்ளுங்கள். ஓரத்தில் ‘சேஃப்டி’ என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பக் கூடாது. முந்தைய சுருளின் ஓர எழுத்து நகலிலும் பதிந்து வருவது உண்டு.

நைட்ரேட்டை வீட்டில் வைக்காதீர்கள். எரியத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருப்பதால் தண்ணீருக்குள்ளும் எரியும். சிதைந்த நைட்ரேட் 41 டிகிரி செல்சியஸிலேயே தானாகப் பற்றக்கூடும். நம் ஊரில் மே மாத மதியத்தில் மொட்டை மாடி அறை அந்தச் சூட்டைச் சாதாரணமாகத் தொடும். புனேயிலேயே 2003-இல் நைட்ரேட் கிடங்கு எரிந்து பல பழைய இந்தியப் படங்கள் போயின. அஞ்சலிலும் சாதாரண கூரியரிலும் அனுப்புவது கூடாது. சர்வதேச விதிகளில் அது ஆபத்தான சரக்கு. நைட்ரேட் கைக்கு வந்தால் புனே தேசியத் திரைப்படக் காப்பகம் போன்ற இடத்தோடு முதலில் பேசுங்கள்.

அடுத்து நான்கு புகைப்படங்கள் அனுப்பச் சொல்லுங்கள்: டப்பாவைத் திறந்தவுடன் மேலிருந்து ஒன்று, ஓர எழுத்து தெரியும்படி ஒன்று, ஒரு டைட்டில் கார்டு, ஒரு நெருக்கக் காட்சி. அசிட்டேட் சிதையும்போது எழும் வினிகர் வாசனை வருகிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வருகிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 4: ஓரத்தைப் படியுங்கள்

பிரதியின் வயதைச் சொல்வது படத்தின் தலைப்பு அல்ல, சுருளின் ஓரம். கோடக் 1916 முதல் தயாரிப்பு ஆண்டைக் குறியீடாக ஓரத்தில் பதித்தது. ஒற்றை வட்டம் 1916, ஒற்றைச் சதுரம் 1917, ஒற்றை முக்கோணம் 1918. குறியீடுகள் இருபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும் என்பதால் வட்டம் 1936, 1956 ஆகவும் இருக்கலாம். 16 மி.மீ.-இல் ஒற்றை வட்டம் கண்டால் 1916 சாத்தியமே இல்லை, அந்த அளவே பிறக்கவில்லை. அடித்தளம், டைட்டில் எழுத்துரு, நூலகப் பெயர் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் மீதி ஆண்டுகளில் எது என்று தெளிந்துவிடும்.

இரண்டு வரிசை ஓர எழுத்துகள், ஒன்று கூர்மையாகவும் ஒன்று மங்கலாகவும் தெரிந்தால் அது நகலிலிருந்து எடுத்த நகல். அழுக்கும் பேசும். திரையில் கறுப்பாகத் தெரியும் தூசி உங்கள் பிரதியின் மேல் இருப்பது, துடைத்தால் போகலாம். வெள்ளையாகத் தெரிவது நெகட்டிவில் இருந்தது, போகாது. முகங்கள் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்து, கோட்டு மடிப்புகள் ஒரே கறுப்பாக இருந்தால் மூன்றாம் நான்காம் தலைமுறை என்று கொள்ளலாம். இருட்டுச் சந்தும் விளக்கு வெளிச்சமும்தான் குற்றப் படத்தின் உயிர் என்பதால் இந்தக் குறை மற்ற வகைப் படங்களைவிட இங்கே அதிகம் உறுத்தும்.

துளைகளையும் பாருங்கள். மௌன 16 மி.மீ. பிரதிக்கு இரு ஓரமும் துளை இருக்கும். ஒரு பக்கம் மட்டும் இருந்தால் ஒலித்தடத்துக்கு இடம் விட்ட பின்னாள் பிரதி. அதில் படத்தின் ஒரு பக்கம் வெட்டுப்பட்டிருக்கலாம். தலைப்பு எழுத்துகள் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருப்பது அதன் அடையாளம்.

படி 5: வந்து சேர்ந்ததும் செய்யும் சோதனை

புரொஜெக்டரில் உடனே போடாதீர்கள். கைச்சுற்று ரீவைண்டரில் வைத்து, பருத்திக் கையுறையோடு இரு ஓரத்தையும் விரல் நுனிகளுக்கிடையே ஓடவிட்டு மெல்லச் சுற்றுங்கள். கிழிந்த துளையும் பிரிந்த ஒட்டும் விரலில் தட்டும். தட்டும் இடத்தில் நிறுத்தி, ஒரு சிறு காகிதத் துண்டு செருகிவிட்டுத் தொடருங்கள். எண்ணிக்கையை ரீல்வாரியாக எழுதிவையுங்கள்.

பிறகு சுருள் வயதாகி எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று அளக்க வேண்டும். பல சேகரிப்பாளர்கள் தவிர்க்கும் வேலை இது, பிரதிகள் கிழிவதற்கும் முக்கியக் காரணம் இதைத் தவிர்ப்பதுதான். புதிய 16 மி.மீ. பிரதியில் 100 ஃபிரேம் நீளம் 762 மி.மீ. பழைய பிரதியை மேசையில் இழுக்காமல் விரித்து 100 துளை எண்ணி அளந்து பாருங்கள். 758 மி.மீ. வந்தால் சுருக்கம் சுமார் அரை சதவீதம், ஓட்டலாம். 756 என்றால் 0.8 சதவீதம், நன்கு பராமரித்த புரொஜெக்டரில் மட்டும், கண்காணித்தபடி. 754-க்குக் கீழே போனால் ஒரு சதவீதத்தைத் தாண்டிவிட்டது. புரொஜெக்டரின் பல் துளைக்குள் சரியாக இறங்காது, துளையோரத்தைக் கடித்துக்கொண்டே போகும். அந்தப் பிரதி ஸ்கேனுக்கு மட்டும். தலைப்பகுதி, நடு, வால் என மூன்று இடங்களில் அளக்கவும்; சுருக்கம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருக்காது.

வினிகர் வாசனைக்கு மூக்கை மட்டும் நம்பாமல், அமிலத்தைக் காட்டும் ஏ-டி பட்டை வாங்குங்கள். நீல நிறப் பட்டையை டப்பாவுக்குள் வைத்து மூடி, அறை வெப்பத்தில் குறைந்தது 24 மணி நேரம் விட்டு, உடன் வரும் பென்சிலின் நிறங்களோடு ஒப்பிட வேண்டும். நீலமாகவே இருந்தால் 0, நல்லது. பச்சைக்கு மாறி 1.5-ஐத் தொட்டால் அமிலம் தன்னைத்தானே பெருக்கும் கட்டம். மஞ்சள் 3. 1.5-க்கு மேல் உள்ளதை மற்றவற்றோடு ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். அமில ஆவி அடுத்த டப்பாவையும் கெடுக்கும்.

சுத்தம் செய்வதற்கு 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பஞ்சு உதிராத துணியும் போதும். வால்பகுதியில் ஓர் அங்குலம் துடைத்துச் சாயம் இறங்குகிறதா என்று பார்த்த பிறகே தொடருங்கள். தண்ணீர் கூடவே கூடாது, படம் பதிந்திருக்கும் ஜெலட்டின் அடுக்கு ஊறிக் கிளம்பிவிடும். ஒட்டுகளில் அசிட்டேட்டுக்குப் பசை ஒட்டு பொருந்தும். பிற்காலத்து பாலியஸ்டர் சுருளில் பசை பிடிக்காது, டேப் ஒட்டுதான் வழி.

படி 6: சரியான வேகம்

மௌனப் படம் எல்லாமே நொடிக்கு 16 ஃபிரேம் என்பது பரவலான தவறான எண்ணம். 1910-களின் தொடக்கத்துக்கு அது பொருந்தும். 1920-களின் நடுவில் 20, 22 எல்லாம் சாதாரணம், கடைசி ஆண்டுகளில் 24-ஐயே தொட்டது. மேலே சொன்ன 7,000 அடிப் படத்தில் 1,12,000 ஃபிரேம் இருக்கும். 24-இல் ஓட்டினால் 78 நிமிடம், 20-இல் 93 நிமிடம், 16-இல் 117 நிமிடம். ஒரே பிரதிக்கு 39 நிமிட வித்தியாசம்! ஆகவே டிஸ்க்கின் ஓட்ட நேரத்தை மட்டும் வைத்து ஒரு பதிப்பு முழுமையானது என்று முடிவுகட்ட முடியாது.

வேகத்தைக் கண்டுபிடிக்க நடையைப் பாருங்கள், ஓட்டத்தைப் பார்க்காதீர்கள். துரத்தல் காட்சிகளை வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றிப் படமெடுத்திருப்பார்கள். யாரோ சிகரெட் பற்றவைக்கும் காட்சி, கோட்டைக் கழற்றி மாட்டும் காட்சி ஆகியவற்றை இயல்பாக்கும் வேகமே சரி. பேசும் படப் புரொஜெக்டர்கள் பல 24-இல் மட்டுமே ஓடும். 18-க்கும் மாறும் இயந்திரமாகத் தேடுங்கள். பழைய மௌனப் புரொஜெக்டரில் இருபுறமும் பல் இருக்கும். ஒரு பக்கத் துளைப் பிரதியை அதில் போட்டால் துளையில்லாத ஓரம் முழுக்கப் புதுத் துளை விழும்.

படி 7: வைக்கும் இடம்

ஒரு பிரதியின் ஆயுளை முடிவு செய்வது சூடும் ஈரமும். ஆண்டு முழுக்க 21 டிகிரி, 50 சதவீத ஈரப்பதத்தில் வைத்த புதிய அசிட்டேட் சுமார் 40–50 ஆண்டில் வினிகர் கட்டத்தைத் தொடும் என்பது பொதுவான மதிப்பீடு. நம் ஊர் அறை வெப்பத்தில் அதில் பாதிகூட எதிர்பார்க்க முடியாது. ஏ.சி.யைப் பகலில் போட்டு இரவில் நிறுத்துவது, போடாமலே விடுவதைவிட மோசமாக முடியலாம். வெப்பம் ஏறி இறங்கும்போதெல்லாம் டப்பாவுக்குள் ஈரம் படியும்.

அரிய பிரதிகளுக்குத் தனிக் குளிர்சாதனப் பெட்டி ஒதுக்குவதே சரி. துருப்பிடித்த தகர டப்பாவை மாற்றி பாலிபுரொப்பிலீன் டப்பாவில், சுருளைத் தளர்வாகவும் இல்லாமல் இறுக்கமாகவும் இல்லாமல், வால் வெளியே இருக்கும்படி சுற்றி, படுக்கைவாட்டில் வையுங்கள். இரண்டு அடுக்கு ஜிப் பை, இடையே ஈரப்பத அட்டை. வெளியே எடுத்தால் 24 மணி நேரம் பையைத் திறக்கவே கூடாது. உடனே திறந்தால் குளிர்ந்த சுருளின் மேல் நீர் கோக்கும், ஜெலட்டின் அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பழைய காகிதச் செருகல்கள், ரப்பர் வளையங்கள் எல்லாவற்றையும் அகற்றுங்கள். டப்பா மூடியில் யாரோ எழுதிய குறிப்பை மட்டும் வெட்டித் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். பிரதியின் வரலாறு சில சமயம் அதில்தான் இருக்கும்.

படி 8: ஸ்கேன்

16 மி.மீ.-க்கு 2கே (சுமார் 2,000 பிக்சல் அகலம்) போதும். ஸ்கேன் நிலையத்தில் மூன்று நிபந்தனைகளை எழுத்தில் கொடுங்கள்: பல்சக்கரம் இல்லாத இயந்திரம்; துளையும் ஓரமும் தெரியும்படி முழு அகலம்; ஒரு ஃபிரேமுக்கு ஒரு படம், வேகம் எதையும் சரிசெய்யாமல். மூன்றாவதை விட்டால் 24-க்கு ஏற்ப ஃபிரேம்களை இரட்டித்தும் கலந்தும் கொடுத்துவிடுவார்கள், அதைப் பிரித்தெடுப்பது பெரிய பாடு. சாயமேற்றிய பிரதி என்றால் வண்ணத்திலேயே ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். இரவுக்கு நீலமும் விளக்கொளிக்குத் தேன் நிற ஆம்பரும் கதை சொல்லும் முறையின் பகுதி. வெளியே நீலத் தெரு, கதவு திறந்ததும் ஆம்பர் அறை என்று மாறும் இடத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினால், திருடன் எந்த நேரத்தில் நுழைந்தான் என்பதே புரியாமல் போகும்.

படி 9: காகிதமும் சேகரிப்புதான்

ஸ்டெர்ன்பெர்கின் ‘த டிராக்நெட்’ (1928), லான் சேனியின் ‘லண்டன் ஆஃப்டர் மிட்நைட்’ (1927) இரண்டும் தொலைந்த படங்கள். பின்னதன் கடைசிப் பிரதி எம்.ஜி.எம். ஸ்டுடியோவின் கிடங்குத் தீயில் போனதாகக் கருதப்படுகிறது. இவற்றுக்குப் புகைப்படம், லாபி கார்டு (திரையரங்கில் வைத்த சிறு விளம்பர அட்டை), விளம்பரக் கையேடு ஆகியவைதான் சாட்சி. ‘லண்டன் ஆஃப்டர் மிட்நைட்’ போஸ்டர் ஒன்று 2014-இல் 4,78,000 டாலருக்கு ஏலம் போனது. அந்த உயரத்துக்குப் போகாமலே 8×10 அங்குலப் புகைப்படங்களும், படக்காட்சிகளோடு வந்த நாவல் பதிப்புகளும் இன்னும் எட்டும் விலையில் கிடைக்கின்றன.

போலியை இனங்காண அளவுகோல், பத்து மடங்கு லென்ஸ், புற ஊதா விளக்கு மூன்றும் வேண்டும். அக்கால ஒன்-ஷீட் (வழக்கமான முழு அளவு) போஸ்டர் 27×41 அங்குலம். 27×40 என்றால் பின்னாள் மறு அச்சு என்ற சந்தேகம் வர வேண்டும். லாபி கார்டு 11×14, விண்டோ கார்டு 14×22. லித்தோ (கல்) அச்சில் லென்ஸ் வழியே ஒழுங்கற்ற மணல்போன்ற புள்ளிகள் தெரியும். வரிசையான பூப்போன்ற வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் புகைப்பட முறையில் எடுத்த மறு அச்சு. புற ஊதா ஒளியில் காகிதம் பளிச்சென நீல வெள்ளையாக ஒளிர்ந்தால் 1950-க்குப் பிந்தைய காகிதம் என்று கொள்ளலாம், அதற்கு முன் அந்த வெண்மையூட்டிகள் காகிதத்தில் சேரவில்லை.

படி 10: உரிமை

அமெரிக்காவில் 1929 முடிய வெளியான படங்கள் பொதுவுடைமையாகிவிட்டன. இந்தியாவில் திரைப்படத்துக்கு வெளியீட்டிலிருந்து 60 ஆண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் இயக்குநர், கதாசிரியர் முதலியோரில் கடைசியாக இறந்தவருக்குப் பின் 70 ஆண்டு. லாங் 1976-இல் இறந்ததால் ‘மபூஸ’ அங்கே 2046 முடியும்வரை பாதுகாப்பில் இருக்கும். உங்கள் 16 மி.மீ. பிரதியின் ஸ்கேனை வெளியிடலாமா என்பது நாட்டைப் பொறுத்தது. டிஸ்க்கில் சேர்த்த புது இசைக்கும் புதிதாக எழுதிய டைட்டில் கார்டுகளுக்கும் எங்கும் தனி உரிமை உண்டு.

படி 11: பெயர் தெரியாத ரீல் கிடைத்தால்

தலைப்பு இல்லாத ரீல் வந்தால் தூக்கிப் போடாதீர்கள். ஒவ்வொரு டைட்டில் கார்டையும் படமெடுத்து, பாத்திரப் பெயர்களை ஏ.எஃப்.ஐ. கேட்டலாகில் தேடுங்கள். டைட்டில் கார்டின் ஓரத்தில் தயாரிப்பு நிறுவனச் சின்னம் இருக்கக்கூடும். கார் எண்பலகை ஆண்டைச் சொல்லும், கடைப் பலகை ஊரைச் சொல்லும். தெருவில் எடுத்த குற்றப் படங்களை அடையாளம் காண்பது மற்ற வகைகளைவிட எளிது, காட்சிக்குக் காட்சி ஊரே பதிவாகியிருப்பதால்.

வெளிநாட்டு மொழியில் டைட்டில் கார்டு இருந்தால் இரட்டிப்புக் கவனம் தேவை. ஜில்லெட்டின் ‘ஷெர்லாக் ஹோம்ஸ்’ மீண்டது பிரெஞ்சு டைட்டில் கார்டுகளோடு, அங்கே தொடராகப் பிரித்து வெளியிட்ட வடிவில்தான். பாத்திரப் பெயர்கள் மொழிக்கு மொழி மாறுவதால் பெயரை விட்டுவிட்டு நடிகர் முகத்தையும் கதைச் சுருக்கத்தையும் வைத்துத் தேடுங்கள்.

அடையாளம் கண்டபின், அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் மௌனப் படத் தரவுத்தளத்தில் அந்தப் படம் ‘இல்லை’ அல்லது ‘முழுமையற்றது’ என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஒரு காப்பகத்துக்கு எழுதுங்கள்: அளவு, மொத்த அடி, ஓரக் குறியீடு, சுருக்க சதவீதம், ஏ-டி அளவு, பத்து ஃபிரேம் படங்கள். இவை இருந்தால் அவர்களுக்கு முடிவெடுப்பது எளிது. நன்கொடையாகக் கொடுப்பதா, உரிமையை வைத்துக்கொண்டு பாதுகாப்புக்கு ஒப்படைப்பதா என்பதை முதல் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். எதுவானாலும் ஸ்கேனின் முழுத்தர நகல் ஒன்று உங்களுக்கு வர வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய பிறகே சுருளை அனுப்புங்கள்.